இரவுச் சாப்பாடு: ஐந்து பேருக்கும் ஒரே சமையல், தனித்தனியாக ஆக்காமல் மாற்ற முடியுமா?

காவிரிக்கரை

வணக்கம். ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் ஐந்து பேர். நான், கணவர் (வயது 43), அத்தை (68, பல வருடமாக பிரஷர் மாத்திரை எடுக்கிறார்), எட்டாவது படிக்கும் பையன், நான்காவது படிக்கும் பொண்ணு. போன மாதம் கணவருக்கு ரத்தப் பரிசோதனை எடுத்ததில் மூன்று மாதச் சர்க்கரை அளவு (HbA1c) 6.1 என்று வந்தது. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், ஆறு மாதம் சாப்பாட்டையும் நடையையும் பாருங்கள், மறுபடி எடுத்துப் பார்ப்போம் என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

சாப்பாட்டைப் பாருங்கள் என்றால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல்தான் இங்கே கேட்கிறேன். நாங்கள் வெளியில் சாப்பிடுவது மிகக் குறைவு. மாதம் ஒருமுறை இருந்தால் அதிகம். எல்லாம் வீட்டுச் சமையல், கடலெண்ணெய் கூட செக்கில் ஆட்டியது. அதனால் நம் சாப்பாட்டில் என்ன குறை இருக்கப் போகிறது என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் வேலை முடிந்து வீடு சேர ஏழு மணி ஆகிவிடும். இரவு வழக்கம் இதுதான்: வாரத்தில் மூன்று நாள் தோசை அல்லது இட்லி, தேங்காய்ச் சட்னி. ஒரு நாள் சப்பாத்தி, உருளைக்கிழங்கு குருமா. ஒரு நாள் அரிசியும் பருப்பும் சாதம், நெய், அப்பளம். ஒரு நாள் சேமியா உப்புமா. ஞாயிற்றுக்கிழமை மதியக் குழம்பே இரவுக்கும் ஓடிவிடும். சாப்பிட்டு முடிக்க ஒன்பதரை ஆகும், பத்தரைக்குப் படுக்கை. கணவர் ஐந்து தோசை சாப்பிடுவார். அவருக்கு மட்டும் ஓட்ஸ் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துப் பார்த்தேன், நான்கு நாள் சாப்பிட்டார், ஐந்தாம் நாள் பிள்ளைகள் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எனக்கே மனசு கேட்கவில்லை.

ஒருவருக்குக் கஞ்சி, ஒருவருக்கு உப்பில்லாமல், பிள்ளைகளுக்குத் தனி என்று மூன்று அடுப்பு எரிக்க என்னால் முடியாது. ஒரே சமையல், ஐந்து பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அது எல்லாருக்கும் நல்லதாகவும் இருக்க வேண்டும். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பவானிக்காரி

முதலில் அந்த ஓட்ஸ் கஞ்சியை விட்டுவிடுங்கள். பக்கத்தில் எல்லாரும் தோசை சாப்பிடும்போது ஒருவர் மட்டும் கஞ்சி குடிப்பது எந்த வீட்டிலும் நாலு நாளைக்கு மேல் நடக்காது. எங்கள் வீட்டிலும் இதே கதைதான், என் அப்பாவுக்குச் சர்க்கரை வந்தபோது அம்மா தனியாகக் கோதுமைக் கஞ்சி காய்ச்சுவார், அப்பா அதைக் குடித்துவிட்டு ராத்திரி பதினொன்றுக்கு எழுந்து போய்ப் பழையசோற்றுப் பானையைத் திறப்பார். அதைப் பார்த்த பிறகுதான் எல்லாரும் சாப்பிடுவதையே மாற்றுவோம் என்று முடிவு செய்தோம்.

நீங்கள் எழுதியிருக்கும் பட்டியலை நான் இரண்டு முறை படித்தேன். அதில் கெட்டது என்று ஒன்றும் இல்லை. ஆனால் ஏழு நாளில் ஒரு நாள்கூடக் காய் இல்லை, கவனித்தீர்களா? குருமாவில் இருப்பது உருளைக்கிழங்கு, அது மாவுச்சத்துதான். பருப்பு வருவது ஒரு நாள். மற்ற நாளெல்லாம் அரிசி அல்லது கோதுமை, கூடத் தேங்காய். அதுதான் குறை.

நம்ம ஊர் அரிசியும் பருப்பும் சாதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எப்படிப் போடுவீர்கள்? இரண்டு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் துவரம்பருப்பு இருக்கும். நான் இப்போது ஒன்றரை டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் பருப்பு போடுகிறேன். சின்ன வெங்காயம் ஒரு கை நிறைய, பூண்டு பத்துப் பல், தக்காளி, சீரகம், மிளகு எல்லாம் வழக்கம் போலத்தான். தண்ணீர் கொதித்து அரிசி பருப்பைக் களைந்து போட்ட பிறகு பொடியாக நறுக்கிய அவரைக்காயோ சுரைக்காயோ இரண்டு கப், கூடவே ஆய்ந்த முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி. பருப்பு கூடுவதால் ஒரு டம்ளர் தண்ணீரும் கூட விட வேண்டும். குக்கரைத் திறந்தால் வாசனை அதே வாசனை. நிறம் கொஞ்சம் பச்சையாக இருக்கும், பிள்ளைகள் முதல் நாள் கேட்பார்கள், இரண்டாம் நாள் கேட்க மாட்டார்கள். நெய்யை சாதத்தின் மேல் ஊற்றாமல் தாளிப்பில் ஒரே ஒரு ஸ்பூன் விடுங்கள், ஐந்து பேருக்கும் வாசனை வந்துவிடும். அப்பளத்துக்குப் பதில் வெள்ளரிக்காய் தயிர்ப் பச்சடி.

இதை ஒரேயடியாகச் செய்யாதீர்கள். முதல் வாரம் முக்கால் டம்ளர் பருப்பு, கீரை ஒரு கைப்பிடி. நான் ஒரே நாளில் மாற்றி அப்பாவிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

தோசைக்கு: வாரம் மூன்று நாள் என்பதில் ஒரு நாளைப் பச்சைப்பயறு தோசை ஆக்குங்கள். காலையில் கிளம்பும்போது முழுப் பச்சைப்பயறு இரண்டு டம்ளர், பச்சரிசி ஒரு கைப்பிடி ஊற வைத்துவிட்டுப் போனால் சாயங்காலம் இஞ்சி, பச்சைமிளகாய், சீரகம் சேர்த்து அரைத்து உடனே ஊற்றலாம், புளிக்க வேண்டியதில்லை. இன்னொரு நாள் அடை. எங்கள் வீட்டுக் கணக்கில் வெறும் அரிசி தோசை ஐந்து சாப்பிடுகிறவருக்கு அடை இரண்டே போதும், மூன்றாவது கேட்க மாட்டார். சட்னிக்குக் கொள்ளுத் துவையல் அரையுங்கள். கொள்ளு நம் பக்கத்துப் பயிர், உங்கள் அத்தைக்கு அரைக்கும் பக்குவம் கண்டிப்பாகத் தெரிந்திருக்கும், அவரையே அரைத்துத் தரச் சொல்லுங்கள். மருமகள் வந்து சாப்பாட்டை மாற்றுகிறாள் என்பது வேறு, அவர் கையால் அவர் காலத்துச் சமையல் திரும்பி வருவது வேறு. எங்கள் வீட்டில் அம்மாவை அப்படித்தான் சேர்த்துக்கொண்டோம்.

கணக்குப்பிள்ளை

பவானிக்காரி சொன்னதோடு நான் இன்னொன்று சேர்க்கிறேன். சமையலை மாற்றுவதற்கு முன் மளிகைச் சீட்டைப் பாருங்கள். எங்கள் வீட்டில் என்ன சாப்பிடுகிறோம் என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது.

எண்ணெய் மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள்? ஐந்து பேருக்கு ஐந்து லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு லிட்டர், ஒரு நாளைக்கு 33 மில்லி, அதாவது கிட்டத்தட்ட ஆறரை டீஸ்பூன். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒரு நாளைக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்தே 27 கிராம்தான். 33 மில்லி எண்ணெயே 30 கிராம் ஆகிவிடும், அதற்கு மேல் நெய் இருக்கிறது. செக்கில் ஆட்டியதாக இருந்தாலும் ஒரு கிராமுக்கு ஒன்பது கலோரி என்பது மாறாது, இதைச் சொன்னால் நிறையப் பேருக்குக் கோபம் வருகிறது. செக்கு எண்ணெய் வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை, மூன்றரை லிட்டர் வாங்குங்கள் என்கிறேன்.

ஒன்றாம் தேதி மூன்றரை லிட்டரை எடுத்துத் தனித் தூக்கில் ஊற்றி வையுங்கள். அது முடிந்தால் அந்த மாதத்துக்கு எண்ணெய் முடிந்தது. நாங்கள் முதல் மாதம் 22ஆம் தேதியே காலி செய்தோம், இரண்டாம் மாதம் 27, மூன்றாம் மாதம் சரியாக வந்தது. கேனைச் சாய்த்து ஊற்றும் பழக்கம்தான் முதலில் போக வேண்டும். தோசைக்கு எங்கள் அம்மா ஒரு பெரிய வெங்காயத்தைப் பாதியாக அறுத்து, காம்புப் பக்கம் முள்கரண்டியைக் குத்தி, வெட்டிய பக்கத்தை எண்ணெயில் லேசாகத் தொட்டுக் கல்லில் ஒரு சுற்று தேய்ப்பார். நன்றாகப் பழகிய இரும்புக் கல்லாக இருந்தால் அந்த ஒரு தேய்ப்பே போதும், தோசை ஓரம் தானாக எழும்பி வரும். சுற்றிலும் ஸ்பூன் ஸ்பூனாக விட வேண்டியதே இல்லை.

உப்பும் அதே மாதிரி. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு ஆளுக்கு 5 கிராமுக்குக் கீழே. ஐந்து பேர், 30 நாள், 750 கிராம். பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவாகத்தான் வேண்டும். நீங்கள் மாதம் ஒன்றரைக் கிலோ வாங்குகிறீர்கள் என்றால் இரண்டு மடங்கு. இதில் ஊறுகாய், அப்பளம், வற்றல், கடையில் வாங்கும் மிக்சர் எதுவும் கணக்கில் இல்லை. அத்தைக்குப் பிரஷர் என்கிறீர்கள், அவருக்கு இதுதான் முதல் வேலை.

அப்புறம் காய். அதே வழிகாட்டியில் காய்கறி, கீரை சேர்த்து ஒரு நாளைக்கு ஆளுக்கு 400 கிராம் என்று இருக்கிறது. ஐந்து பேருக்கு ஒரு நாளைக்கு இரண்டு கிலோ! இதைப் பார்த்ததும் நான் எங்கள் வீட்டுக் கூடையை எடை போட்டேன், நான்கு பேருக்கு முக்கால் கிலோ கூட இல்லை. உங்கள் ஊரில் சம்பத் நகர் உழவர் சந்தை இருக்கிறதே, காலையில் நடைக்குப் போகும்போது கணவரையே பையோடு அனுப்பினால் நடையும் ஆயிற்று, காயும் ஆயிற்று. வாங்கி வந்தவர் தட்டில் மிச்சம் வைக்க மாட்டார்.

சாமை சாதம்

இவ்வளவு கணக்கெல்லாம் எதற்கு? வெள்ளை அரிசியை அடியோடு நிறுத்திவிட்டு சாமை, வரகு, குதிரைவாலிக்கு மாறிவிடுங்கள். காலையில் ராகிக் கூழ். நாங்கள் இரண்டு வருடமாக அப்படித்தான், எவ்வளவு சாப்பிட்டாலும் பயமில்லை.

உணவியல் அக்கா

நான் ஒரு மருத்துவமனையில் உணவியல் பிரிவில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். சாமை சாதம் சொன்னதில் பாதி சரி, மாறுவது நல்லதுதான். ஆனால் "எவ்வளவு சாப்பிட்டாலும்" என்ற வார்த்தையை மட்டும் தயவுசெய்து யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். சிறுதானியத்திலும் பெரும்பங்கு மாவுச்சத்துதான். நார்ச்சத்து கூடுதல், தாதுக்கள் கூடுதல், ராகியில் கால்சியம் நிறைய, அதெல்லாம் உண்மை. அதற்காக ஒரு தட்டு வரகு சாதத்தைக் குவித்துச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்றில்லை. நைசாக அரைத்த ராகி மாவில் காய்ச்சிய கூழ் சர்க்கரையை வேகமாகவே ஏற்றும், அதையே களியாகக் கிண்டி கீரைக் கடைசலோடு சாப்பிட்டால் மெதுவாக ஏறும். என்னிடம் வருகிறவர்களில் பலர் அரிசியை விட்டு ராகிக் கூழுக்கு மாறி, காலையில் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, பிறகு ஏன் குறையவில்லை என்று கேட்கிறார்கள். சப்பாத்தியும் அப்படியே. நடுத்தரச் சப்பாத்தி இரண்டும் ஒரு கப் சாதமும் மாவுச்சத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். தொட்டுக்கொள்வது என்ன என்பதில்தான் வித்தியாசம்.

காவிரிக்கரை, முதலில் பயப்படாதீர்கள். 5.7 முதல் 6.4 வரை உள்ள அளவைச் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்கிறோம். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி நம் நாட்டில் 13.6 கோடிப் பேர் இந்த நிலையில் இருக்கிறார்கள். இதில் இருக்கும்போதே பிடித்துவிட்டீர்கள், பலர் பழைய அளவுக்குத் திரும்பியிருக்கிறார்கள், நானே நிறையப் பார்த்திருக்கிறேன்.

தட்டைப் பார்த்துப் பரிமாறுங்கள், எடை போட வேண்டாம். தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்பு அல்லது முட்டை அல்லது மீன், மீதிக் கால் பங்கு சாதமோ இட்லியோ சப்பாத்தியோ. இன்னும் ஒன்று, இதற்குக் காசும் இல்லை வேலையும் இல்லை: காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டு சாதத்தைக் கடைசியில் எடுத்துக்கொண்டால் சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரை குறைகிறது. நாம் எல்லாவற்றையும் பிசைந்து சாப்பிடுகிறவர்கள், அதனால் பொரியலை ஒரு கிண்ணத்தில் முதலில் வைத்துவிடுங்கள். அதை முடித்த பிறகு தோசை ஊற்ற ஆரம்பியுங்கள். கல்லில் தோசை வேகும் நேரத்தில் பிள்ளைகள் பசியில் கிண்ணத்தைக் காலி செய்துவிடுவார்கள், இது வேறு எந்த மிரட்டலையும்விட நன்றாக வேலை செய்யும்.

ஒன்பதரை மணிதான் எனக்கு உறுத்துகிறது. சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் படுக்கை. நீங்கள் ஏழுக்கு வருகிறீர்கள், எட்டே காலுக்குள் தட்டு வைத்துவிட முடியுமா பாருங்கள். முடித்ததும் கணவரும் நீங்களும் பதினைந்து நிமிடம் தெருவில் நடந்துவிட்டு வாருங்கள், சாப்பிட்ட பின் நடக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு நல்ல பலன் உண்டு.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, அத்தைக்கு உப்பைக் குறைக்கிறேன் என்று கடையில் விற்கும் குறைந்த சோடியம் உப்பை நீங்களாக வாங்கிவிடாதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கும் சில வகை பிரஷர் மாத்திரை எடுப்பவர்களுக்கும் அது ஆபத்து. டாக்டரிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டிக் கேட்டுவிட்டுத்தான். இரண்டு, இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் சாதத்தைத் திடீரென்று பாதியாக்கினால் சர்க்கரை மிகவும் இறங்கி மயக்கம் வரலாம். சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

நீத்துப்பெட்டி

நான் யாழ்ப்பாணம். எங்கட வீட்டில் இரவுக்குப் பிட்டு அல்லது இடியப்பம்தான், நீங்கள் சொல்லும் அதே பிரச்சினை எங்களுக்கும் இருந்தது, மா மட்டும்தான் வயிற்றுக்குள் போகும். இப்போது அம்மா வெள்ளை மாவை விட்டுவிட்டு குரக்கன் மாவும் (நீங்கள் சொல்லும் ராகி) சிவப்பரிசி மாவும் கலந்து கீரைப் பிட்டு அவிக்கிறார். மாவைக் குழைத்துக் கொத்திய பிறகு, மாவின் அளவுக்குச் சமமாக முருங்கையிலையைப் பொடியாக அரிந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் தேங்காய்ப்பூ (தேங்காய்த் துருவல்) சேர்த்து நீத்துப்பெட்டியில், அதாவது பிட்டு அவிக்கும் ஓலைப் பெட்டியில், வைத்து அவிப்பது. நீத்துப்பெட்டி இல்லையென்றால் இட்லிச் சட்டியில் துணி போட்டும் அவிக்கலாம். எண்ணெயே தேவையில்லை. சம்பலை (தேங்காய்ச் சட்னி மாதிரி) குறைத்துவிட்டுப் பருப்புக் கறியும் கத்தரிக்காயும் வைத்துக்கொள்வோம், கத்தரிக்காயைப் பொரிக்காமல் சுட்டுப் பிசைந்தால் எண்ணெய் மிச்சம். பொரித்த கத்தரிக்காய் எவ்வளவு எண்ணெய் குடிக்கும் என்று சட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சொதிக்கு (தேங்காய்ப்பாலில் வைக்கும் தண்ணியான குழம்பு) முதற்பாலை விடாமல் இரண்டாம் பால், மூன்றாம் பாலில் வைத்துப் பாருங்கோ, இறக்கியபின் தேசிக்காய்ப் புளி (எலுமிச்சைச் சாறு) விட்டால் உப்புக் குறைந்ததே தெரியாது. உங்கள் அத்தைக்கு இது உதவும்.

காவிரிக்கரை

எல்லாருக்கும் மிகுந்த நன்றி. உடனே பதில் எழுதாமல் மூன்று வாரம் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

மளிகைச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். எண்ணெய் ஐந்தரை லிட்டர். உப்பு, கல்லுப்பும் தூள் உப்பும் சேர்த்து ஒன்றரைக் கிலோ, கணக்குப்பிள்ளை பார்க்காமலே சரியாகச் சொல்லிவிட்டார். கணவரிடம் காட்டினேன், அவர் ஒன்றும் பேசவில்லை, மறுநாள் காலையில் தானாகவே பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டார். முதல் நாள் வெறும் முள்ளங்கியாக வாங்கி வந்தார். இப்போது பழகிவிட்டார். இரண்டு கிலோ இன்னும் எட்டவில்லை, ஒன்றேகால் வரை வந்திருக்கிறோம்.

அரிசியும் பருப்பும் சாதத்தில் முருங்கைக்கீரை எல்லாருக்கும் பிடித்துவிட்டது. அத்தையிடம் கொள்ளுத் துவையல் கேட்டேன். அவர் அம்மிக்கல்லைக் கழுவச் சொன்னார்! மிக்சியில் அரைத்தால் பசை மாதிரி ஆகிவிடும், கொள்ளை வறுத்துக் கரகரவென்று அரைக்க வேண்டும் என்று உட்கார்ந்து அரைத்தார். வறுக்கும்போது வாசனை வரும் இடத்தில் நிறுத்த வேண்டும், ஒரு நிமிடம் தாண்டினாலும் கசக்கும் என்று பையனைக் கூப்பிட்டு முகரச் சொல்லிக் காட்டினார். எனக்குக் கல்யாணமாகிப் பதினைந்து வருடம், இதை நான் கேட்டதே இல்லை. அவரே சாதத்துக்கு உப்புப் போடுவதை நிறுத்திவிட்டார். ஊறுகாய் மட்டும் விட மனசில்லை, தினமும் இருந்தது இப்போது வாரம் இரண்டு நாள்.

சாப்பிடும் நேரம் எட்டரைக்கு வந்திருக்கிறது. அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. காரணம் என்ன என்று பார்த்தால், பிள்ளைகள் ஐந்தரைக்குப் பள்ளிவிட்டு வந்ததும் பிஸ்கட்டும் முறுக்கும் வயிறு நிறையச் சாப்பிட்டு விடுகிறார்கள், எட்டு மணிக்குப் பசியில்லை என்கிறார்கள், காய்க் கிண்ணமும் அன்றைக்கு அப்படியே இருக்கிறது. அந்த நேரத்தில் நான் வீட்டில் இருப்பதில்லை, அத்தையால் அடுப்பில் நின்று செய்யவும் முடியாது. இதற்கு என்ன செய்யலாம்?

பவானிக்காரி

படிக்கவே அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. உங்கள் அத்தையின் அந்தப் பக்குவத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்குச் சுண்டல்தான். ராத்திரி படுக்கும் முன் கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ ஊறப் போட்டு, காலையில் சமையலோடு சமையலாகக் குக்கரில் வேகவைத்துத் தண்ணீரை வடித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். வேகவைத்தது இரண்டு நாள் தாங்கும், அதனால் தினமும் செய்ய வேண்டியதில்லை. சாயங்காலம் அத்தை எடுத்து ஒரு கொதிநீரில் போட்டு வடித்துச் சூடாக்கினால் போதும், தாளிக்க வேண்டாம். துருவிய கேரட், மாங்காய்க் காலத்தில் மாங்காய், எலுமிச்சை, மிளகுத்தூள் சேர்த்து எட்டாவது படிக்கிற பையனே கலந்துவிடுவான். கூட ஒரு கொய்யாப்பழம் அல்லது வாழைப்பழம். ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணம், அதற்கு மேல் வேண்டாம், அப்போதுதான் எட்டு மணிக்குப் பசிக்கும். பிஸ்கட் டப்பாவை ஒளித்து வைப்பதைவிட அந்த மாதச் சீட்டிலேயே எழுதாமல் விட்டுவிடுங்கள். முறுக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கட்டும்.